கணக்கில் ஒன்று குறைவு

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை
வெள்ளிக்கிழமையே வந்துவிடுகிறது.
ஆராதனை சாயங்காலம்தான். காலையில் மருமகன்
நிஸ்வா சந்தைக்குக் கூட்டிப் போனான்,
ஆடு பார்க்க.
நான் பார்க்காத ஆடா?

வழியில் ரேடார் பளிச்சென்று மின்னியது.
மருமகன் ஸ்டியரிங்கைக் குத்தினான்.
எனக்கு அந்த இரும்புப் பெட்டியைப் பிடிக்கும்.
நான் யார் தெரியுமா என்று கேட்டால்
அதற்குத் தெரியாது.
டீச் செலவுக்கு நீட்டினால் கை இல்லை.
முப்பத்து நாலு வருஷம்
அப்படி நிற்க நினைத்தவன் நான்.
நினைத்தேன் என்றுதான் சொல்கிறேன்.

ஆடுகள் வட்டமாகச் சுற்றி வந்தன.
சுவரோரம், ஆட்டு வாடைக்கு அந்தப் பக்கம்,
நாலைந்து கிழவர்கள் தோளில் துப்பாக்கி மாட்டி
ஏதோ குடை விற்க வந்தவர்கள் மாதிரி
விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.
என் கை தானாக இடுப்புக்குப் போனது.
அங்கே இப்போது பெல்ட் இல்லை,
பியூலா வாங்கித் தந்த எலாஸ்டிக் பேன்ட்.

என்னிடமும் ஒன்று இருக்கிறது.
இரட்டைக் குழல், பன்னிரண்டு போர்.
பாளையங்கோட்டை ஆயுதக்கடையில் ஒப்படைத்த ரசீதை
பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.
தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொடு,
முடிந்தால் திரும்ப வாங்கு, லைசென்ஸைப் புதுப்பி.
கட்டின பெண்டாட்டிக்காக
இவ்வளவு கையெழுத்துப் போட்டதில்லை.
எதற்கப்பா அது என்பாள் பியூலா.
காட்டுப்பன்றிக்கு என்று மனுவில் எழுதியிருக்கிறேன்.
பன்றி அதைப் படித்ததோ என்னவோ,
வரவே இல்லை.

ஒரு கிழவரிடம் இருந்தது த்ரீ நாட் த்ரீ.
கட்டையில் வெள்ளித் தகடு அடித்து
மணப்பெண்ணாக்கி வைத்திருந்தார்.
அதற்காகத் தெரியாமல் போகுமா,
பதினெட்டு வருஷம் பக்கத்தில் வைத்துத் தூங்கியதை?

கையை நீட்டினேன். கொடுத்தார்.
குழல்வாயைத் தரைக்குத் திருப்பி, போல்ட்டை இழுத்து,
சுண்டுவிரல் விட்டுப் பார்த்தேன். காலி.
அதற்குப் பிறகுதான் அவர் சிரித்தார்.
நெஞ்சைத் தொட்டு, ஹமூத் என்றார்.
ஞானதிரவியம் என்றேன். பாதிவரை சொல்லிப் பார்த்தார்.
எனக்கு அரபியில்
எவ்வளவு என்று கேட்க மட்டும் தெரியும்.
நெற்றியில் சல்யூட் வைத்துக் காட்டி, போலீஸா என்றார்.
தலையாட்டினேன்.
துப்பாக்கியைக் காட்டினார், கைதட்டிக் கல்யாணம் காட்டினார்,
வானத்தைக் காட்டி டப் டப் என்றார்.
நீயும் அப்படித்தானா என்பதுபோல் பார்த்தார்.

வானம்.
எண்பத்தாறு, ஆனி மாதம், உப்பளக் கூலித் தகராறு.
என் பங்கு ஐந்து ரவுண்டு.
வானத்தை நோக்கி என்று எல்லோரும் எழுதினோம்,
ஒரே வாசகம், ஒரே பேனா.
ராத்திரி எண்ணும்போது காலித் தோட்டா நாலுதான்.
டார்ச்சோடு உப்புப் பாத்திக்குள் தவழ்ந்தேன்.
முழங்கால் தோல் போய் எரிந்தது.
விடிந்தபோது வரப்பில் ஒரு பையன்
உதட்டில் வைத்து ஊதிக்கொண்டிருந்தான்
என் பித்தளையை.
இவன் அப்பா ஆஸ்பத்திரியில், என்றாள்
கூட நின்ற பெண்.
எதனால் என்று நான் கேட்கவில்லை.
கிடைக்கவில்லை ஐயா என்று போய்ச் சொன்னேன்.
ஒரு இன்க்ரிமென்ட் வெட்டு.
சர்வீஸில் நான் கொடுத்த ஒரே லஞ்சம்
அதுதான் என்று சில நாள் தோன்றும்.

ஹமூத் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.
நானும் விரலை மேலே காட்டினேன்.
அவர் என் தோளில் தட்டினார்.
எவ்வளவு என்று கேட்டேன்,
கேட்க வேறொன்றும் தெரியாததால்.

மருமகன் ஈரல் பொட்டலத்தோடு ஓடி வந்தான்.
மாமா, முதலில் அதைக் கொடுங்கள்,
யாராவது போட்டோ எடுத்துவிடப் போகிறார்கள்.

கைக்குட்டையால்
குழலையும் போல்ட்டையும் ஒருமுறை துடைத்துவிட்டுக் கொடுத்தேன்.
பழக்கம்.