பதினோரு மாடு

சத்தியமங்கலம் தாலுகா, கட்டு நாற்பத்தேழு.
கரையான் தின்ற மிச்சத்தில்
கும்பினி எழுத்தன் எழுதியிருக்கிறான்:
காரியப்பன், பொதிமாடு பதினொன்று,
கெஜலட்டிக் கணவாய் வழி அரிசி,
கூலி பட்டுவாடா ஆச்சு.

எங்கள் வீட்டுக் கதையில் அவன் கையில் வேல்.
கோபியில் மச்சான் செங்கோடன்
கல்லுக்கு அட்வான்ஸ் கொடுத்து,
‘வெள்ளைக்காரனை எதிர்த்த’ வரைக்கும் வெட்டியாயிற்று.

மைசூர்க் கணக்கு கன்னடத்தில்.
நகலைத் தாளவாடி பஸ் கண்டக்டர்
திம்பம் ஒன்பதாம் வளைவில் படித்துச் சொன்னார்.
அதே ஆள், அதே கணவாய், அதே வருஷம்.
மாடு மட்டும் பதிமூணு.
“ரெண்டு பக்கமும் வாங்கீருக்காருங்க”
என்று மீதிச் சில்லறை தந்தார்.

அந்த இரண்டு மாடு?

கட்டின் அடியில் ஒரு மனு.
மயிலை ஒன்று, கொம்பொடிந்த செவலை ஒன்று,
கும்பினிச் சிப்பாய்கள் அறுத்துத் தின்றதற்கு ஈடு கேட்டு.
தள்ளுபடி.
அடுத்த வருஷம் மறுபடி. தள்ளுபடி.
மூன்றாவதில் மையே குறுக்கே சிந்தியிருக்கிறது,
யார் கோபமோ.
மூன்றிலும் ஒரே கோணல் கீறல்,
பக்கத்தில் எழுத்தன் கை:
‘காரியப்பன் பெண்சாதி தற்குறி.’

செங்கோடனைப் போனில் பிடித்தேன்.
எதிர்த்த-வோட உளியை நிறுத்தச் சொல்லு மச்சான்,
பேரு இன்னும் கிடைக்கல.