பத்து செக்கனுக்கு ஒருமுறை

சங்கானைக் கூட்டுறவு வங்கி,
அடகுப் பிரிவுக்கு ஐந்து கணினி.
ஐந்தும் படுத்துவிட்டன என்று காலையில் ஃபோன் எடுத்தவர்
பெடியன் ஒருத்தன் வருவான் என்று நினைத்திருக்கிறார்.
ஹெல்மெற்றைக் கழற்றினேன்.
"பிள்ளை, நீரோ?"
நான்தான்.

படுக்கவில்லை அவை. நின்று நின்று நடக்கின்றன.
பற்றுச்சீட்டு இலக்கத்தை அடித்தால்
ஒரு வட்டம் சுற்றத் தொடங்குகிறது;
அது நிற்பதற்குள் விமலறஞ்சினி அக்கா
போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்துவிடுகிறா.
ஆளாளுக்கு ஒரு நோய் சொன்னார்கள்.
வைரஸ். வெக்கை. போன மாரிக்குப் பிறகுதான் இப்படி.
கொழும்பால வந்தவன் என்னவோ தட்டிவிட்டுப் போனவன்.
கமலறூபன் மட்டும் காதுக்குக் கிட்ட வந்து,
"புது சேவர் வேணுமெண்டு எழுதுங்கோ அக்கா,
நீங்கள் எழுதினாத்தான் தருவினம்."

நான் முதலில் எப்போதும் ஒன்றைத்தான் கேட்பேன்,
கறுப்புத் திரையில், ஒற்றை வரியில்.
இருக்கிறியா?
இருக்கிறன்.
இருக்கிறியா?
இருக்கிறன்.
நாலாம் இலக்கம் மட்டும்
மூன்று தடவை கூப்பிட்டால் ஒருக்கால்,
வாய்க்குள் வெற்றிலையோடு சொல்வதுபோல.

இரும்பு அலுமாரியை அரக்கினோம்.
அதன் பின்கால், எத்தனை வருடமாகவோ,
கேபிளின் கழுத்தில்.
வெட்டி, எட்டுக் கம்பியையும் நிறம் பார்த்து அடுக்கினேன்:
வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள்,
வெள்ளைப் பச்சை, நீலம்…
நாலாம் இலக்கம் வெற்றிலையைத் துப்பியது.
மற்றவை முன்னைப்போலவே.

அடுத்தது வைரஸ் காவலன்.
பழைய சென்றிக்காரன் மாதிரி
தரவுத்தளத்தின் ஒவ்வொரு கோப்பையும்
சைக்கிளால் இறக்கி நடக்கவைத்துக்கொண்டிருந்தது.
இந்த ஒழுங்கைக்கு நீ வராதே என்று எழுதி வைத்தேன்.
பதினெட்டு செக்கன் பதினொன்றானது.
கைதட்டினார்கள்.

வரிசையில் நின்ற அம்மா கைதட்டவில்லை.
மூத்தவனுக்கு நாளைக்குப் பொன்னுருக்கு.
உருக்க வேண்டிய பவுண் உள்ளே,
இரும்புப் பெட்டிக்குள்.
"இண்டைக்குத் தருவியளோ?"

சேவருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு
ஆர் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தேன்.
ஒரே கேள்வி. பத்து செக்கனுக்கு ஒருமுறை.
மொத்த அடகு எவ்வளவு?
முதல் வரியிலிருந்து, மீட்டது மீட்காதது எல்லாம்,
நாலு லட்சத்துச் சொச்சத்தையும் விரல்விட்டு எண்ணி
மூச்சு வாங்குமுன் மறுபடியும்
மொத்த அடகு எவ்வளவு?
கேட்பது மேனேஜரின் அறை.

தில்லையம்பலம் ஐயாவின் மேசையில் இரண்டாவது திரை.
அதில் எண் ஒன்று மட்டும். பச்சை. உள்ளங்கை அகலம்.
"இது என்னத்துக்கு ஐயா?"
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"தொண்ணூற்றைஞ்சில நான் லெட்ஜர் கிளாக்.
பேரேடு பதினேழு. விட்டிட்டு ஓடினது.
திரும்பி வந்தா ஒண்டும் இல்லை.
ஆர் என்ன வைச்சதெண்டு
சனத்தின்ர வாயைக் கேட்டுத்தான் எழுதினனான்.
இப்ப, கிடக்குதோ எண்டு பாக்கிறன்.
வேற ஒண்டுமில்லை."

நிறுத்துங்கோ என்று சொல்ல வாய் வரவில்லை.
கூட்டலை இரவு ஒரு மணிக்கு மாற்றினேன்,
விடையை ஒரு சின்ன அட்டவணையில் எழுதிவைக்கச் சொல்லி.
எண்ணுக்குப் பக்கத்தில் பொட்டளவு ஒரு புள்ளி வைத்தேன்.
அது பத்து செக்கனுக்கு ஒருமுறை கேட்கும்,
இருக்கிறியா என்று மட்டும்.
சேவருக்கு அது ஒரு பாரமில்லை.

மூன்று தடவை மின்னும்வரை பார்த்தார்.
"இண்டையான் அடகு இதில ஏறாதோ?"
"விடிய ஏறும் ஐயா."
முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு, "சரி."

வெளியே, அக்காவின் போத்தல் மேசையிலேயே இருந்தது.
அந்த அம்மா பவுணை முந்தானையில் முடிந்து
ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் பஸ்ஸுக்கு ஓடினா.

அறிக்கையில் எழுதினேன்:
கேபிள் மூன்று மீற்றர், தலை இரண்டு.
புது சேவர் தேவையில்லை.
தேத்தண்ணி கொண்டுவந்த கமலறூபன்
எனக்கு மட்டும் சீனி போடவில்லை.