பிழைத்த தாளின் பின்பக்கம்

கச்சேரிக்கு எதிரே என் போட்டோக் கொப்பிக் கடை.
மெஷின் சூடேறும்வரை நிற்பவர்களுக்கு
வாசிக்க ஏதாவது வேண்டுமே என்று
பிழைத்த தாளொன்றின் பின்பக்கத்தில்
நீலப் பேனையால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டுவேன்:

இன்று அணில் தினம்.
புதைத்த விதையைச் சில அணில்கள் மறந்துவிடும்.
அந்த மறதியில் மரம் முளைக்கும்.

யார் வைத்த தினமோ, தெரியாது.
கலண்டரில் சிவப்பு இல்லை, வங்கி பூட்டாது.
அணிலுக்கும் தகவல் போகவில்லை:
பின்மதிலில் இருந்து வழக்கம்போல
கொய்யாப் பிஞ்சைக் கடித்துக் கடித்து
எறிந்துகொண்டிருந்தது.

பென்குயின் தினத்தன்று,
சில இனத்து ஆண் பறவை நல்ல கல்லொன்று தேடி
பெண்ணின் காலடியில் கொண்டுபோய் வைக்கும்
என்று எழுதியிருந்தேன்.
காணி உறுதி கொப்பி எடுக்க வந்த சிவநேசராசா
உரத்து வாசித்துவிட்டுச் சொன்னார்:
"ஒரு கல்லோ? என்ர மருமோன் கல்வீடெல்லோ கேட்டவர்."
வரிசை முழுக்கச் சிரித்தது.
அவர் மட்டும் உறுதியை நாலாய் மடித்து
சட்டைப்பையில் வைத்து
மேலே ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

ஒக்டோபர் எட்டு, பேய்க்கணவாய்க்கு.
மூன்று இதயம், நீல இரத்தம்.
நீந்தும்போது ஓர் இதயம் நின்றுவிடும்,
அதனால் ஊர்ந்து போகவே அதற்கு விருப்பம்.
பாசையூர் றெஜினோல்ட் ஹெல்மெட்டைக் கழற்றாமலே,
"ஒண்டை நிப்பாட்டிப்போட்டு ஓடுறதோ!
எங்கட எஞ்சினும் உப்பிடித்தான், பிள்ளை.
மண்ணெண்ணெய்ப் படிவம், ரெண்டு கொப்பி."

அதற்கு முந்திய ஓகஸ்டில்
விளையாட்டாய் நுளம்பு தினம் போட்டேன்:
கடிப்பது பெண் மட்டும், ஆணுக்குப் பூந்தேன் போதும்.
சுகாதாரப் பரிசோதகர் வந்தார், வாசித்தார்,
"நல்ல விழிப்புணர்வு" என்றார்.
பிறகு மேசையில் இருந்த மணிபிளான்ட் போத்தலை
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.
உள்ளே குடம்பிகள்
கொண்டாடிக்கொண்டிருந்தன.
தண்டப் பத்திரத்துக்கும் என்னிடமே கொப்பி.
காசு வாங்கவில்லை,
வாங்கியிருக்கலாம்.

காகத்துக்கு எது நாள் என்று நான் தேடவில்லை.
புரட்டாதிச் சனி. கச்சேரி பூட்டு.
எள்ளெண்ணெய் மணத்தோடு சனம்
கோயிலால் வந்துகொண்டிருந்தது.
சனீஸ்வரனின் வாகனம்தானே,
இன்றைக்கே இருக்கட்டும் என்று நானாகவே வைத்தேன்:

இன்று காக தினம்.
தீங்கு செய்த முகத்தைக் காகம்
வருடக்கணக்காய் மறக்காது.
மற்றக் காகங்களுக்கும் காட்டிக் கொடுக்கும்.

கனகமலரக்கா வந்தார்.
ஒவ்வொரு போராட்டத்துக்கும் முன்னால்
அதே படத்தோடு வருபவர்.
பதினேழு வயது, அரும்பு மீசை, வெள்ளைச் சேட்.
ஏ-நாலில் பெரிதாக்க வேண்டும்.
பெரிதாக்கப் பெரிதாக்க
முகம் புள்ளி புள்ளியாய்ப் போகும்,
அதையும் நான் சொல்வதில்லை.

ஒட்டியிருந்ததை இரண்டுதரம் வாசித்தார்.
"அப்ப பிள்ளை,
உந்த விசாரணைக்குக் காகத்தையெல்லோ
கூப்பிட்டிருக்க வேணும்."

சொல்லிவிட்டுப் படத்தைத் தானே குப்புற வைத்தார்.
மூடியின் ஓரத்தால் வெளிச்சம்
ஒருமுறை போய் வந்தது.
முதல் கொப்பி கறுத்துப் பிழைத்துவிட்டது.
இரண்டாவது சரி.
அதைச் சுருட்டி, றப்பர் வளையம் போட்டு,
"வாறன்" என்று போனார்.
வயர்க் கம்பியில் ஏழெட்டுக் காகங்கள்.
நான் எண்ணவில்லை, இருந்தன.

கறுத்த கொப்பி என் மேசையில் கிடக்கிறது.
பின்பக்கம் நல்ல வெள்ளை.

திங்கட்கிழமை
புதுத் தாள் ஒன்று உருவி எழுதினேன்:
ஆட்டின் கண்மணி நீள்சதுரம்.
தலை திருப்பாமலே
பின்னால் வருபவரைக் காணும்.

என்ன தினம் என்று போடவில்லை.
ஒருவரும் கேட்கவுமில்லை.