மூன்றாம் காட்சிக்குப் பிறகு

எனக்குப் பதினோரு வரி.
ஏழில் "அப்பா" வரும்,
இரண்டில் "தங்கள் சித்தம்" வரும்,
மீதி இரண்டு கிணற்றடியில்
யாருக்கும் கேட்காமல் சொல்ல வேண்டியவை.
அப்புறம் செத்துவிடுவேன்.

"ஏன் சார் சாவறா?"
கொருக்குப்பேட்டைப் பள்ளிக்கூடத்தின்
சாப்பாட்டுக் கூடத்தில்
ஒத்திகை முதல் நாள் கேட்டேன்.
தேசிங்கு சார் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:
"அவ செத்தாத்தாம்மா
ராஜாவுக்குப் புத்தி வரும்."

ராஜாவுக்குப் புத்தி வர
இருபத்திரண்டு நிமிடம் ஆகும்.
அதுவரை நான் மல்லாக்க,
வெள்ளைத் துணிக்குக் கீழே,
கால் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டி.

ஒன்று சொல்ல வேண்டும்.
எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை, இரண்டாம் மாடி, சுடிதார் பிரிவு.
காலை ஒன்பதரையிலிருந்து நின்றபடி.
ஸ்டூல் இருக்கிறது, சட்டம் வந்தபோது வாங்கிப் போட்டது.
அதன்மேல் துப்பட்டாக்கள் உட்கார்ந்திருக்கின்றன.
ஆகவே சாவது எனக்குப் பிடித்திருந்தது.
பலகையில் முதுகு பட்டதும்
குதிகால் இரண்டும் "அம்மாடி" என்றன.

நாடகத்தன்று
ராஜா,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஆரோக்கியதாஸ் அண்ணன்,
என் தலையை மடியில் எடுத்து அழுதார்.
அழுகையில் நாடு வந்தது, கிரீடம் வந்தது, குலம் வந்தது.
என் பெயர் வரவில்லை.
பிரதியிலேயே கிடையாது,
"மகள்" என்றுதான் டைப் அடித்திருக்கிறது.
அவர் வேர்வை இமைக்குள் இறங்கி எரிந்தது.
துடைக்கக் கூடாது.

அப்போது கூட்ஸ் வண்டி.
கூடம் அதிர்ந்தது, ராஜாவின் வாய் மட்டும் அசைந்தது.
பெட்டிகளை எண்ணினேன்.
முப்பத்தொன்பதில் சத்தம் ஓய,
முன்வரிசைப் பொடியன் ஒருத்தன் கத்தினான்:
"தோ பாரு, அக்கா மூச்சு வுடுது!"

எல்லோரும் சிரித்தார்கள்.
புத்தி வர இன்னும் நான்கு நிமிடம் பாக்கி.
திரைக்குப் பின்னாலிருந்து சார்
"அடக்கு, அடக்கு" என்றார்.
(பொண்ணுக்கும் பொணத்துக்கும் ஒரே சொல்.)
அடக்கிப் பார்த்தேன்.
நெஞ்சு அதுபாட்டுக்குத்
துணியைத் தூக்கித் தூக்கி வைத்தது.

பத்தேகால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.
நெற்றியில் கிணற்றுச் சுவர் இடித்த சாயக் காயம்
தேய்த்தும் முழுக்கப் போகவில்லை.
பக்கத்து சீட்டில் மீன்கூடையோடு ஒரு அம்மா.
பார்த்தார். பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பினார்.
பிறகு,
"யாரும்மா அடிச்சது?"

"யாரும் இல்லக்கா, நாடகம்."

நம்பவில்லை.
ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு
"பேரு என்னா?" என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து யோசித்ததில்
ஒரு ஸ்டாப் கடந்துவிட்டது.