நின்றபடி தின்றவை

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
வில்லிவாக்கத்து மாடிப்படிகளுக்கு அடியில் குனிந்து
மீட்டர் எண்களைப் படிப்பவள் நான்.
ஒரு சித்திரையில் குனிந்தபோது மூச்சு முட்டியது.
செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன்.
வீட்டுக்காரர் ஃபேனை வாசல் பக்கம் திருப்பினார்.
"என் கணக்குலயே ஓடட்டும்மா" என்றார்.

சனிக்கிழமை பழைய பேப்பர் கடையில்
இசக்கியின் இரும்புத் தராசில் ஏறினேன்.
எண்பத்து நான்கு.
"கிலோ பதினாலு.
ஆயிரத்து நூத்தி எழுபத்தாறு ரூபா போகும்க்கா,
நியூஸ் பேப்பர் ரேட்டுக்கு."
சிரிக்காமல்தான் சொன்னான்.

ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டேன்:
முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங், வித்தியாசம்.

முதலில் பேலியோ.
ஆபீஸ் குளோரிந்தா அதில் பதினோரு கிலோ இறங்கியிருந்தாள்.
பாதாமை நூறு நூறாக எண்ணி ஊறவைத்தேன்.
காலை டீயில் வெண்ணெய் மிதந்தது,
அயனாவரம் டிப்போவின் மழைக்குட்டை மாதிரி.
பன்னிரண்டாம் நாள் கனவில் சோறு வந்தது.
வெறும் சோறு. குழம்புகூட இல்லை.
இறங்கியது நான்கு கிலோ.
நாத்தனார் வீட்டு வளைகாப்புக்குப் பின்
ஏறியது ஐந்து.

அப்புறம் கொள்ளு.
கொழுத்தவனுக்கென்று பழமொழியே இருக்கிறது.
வாயுவைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

பதினாறு மணிநேரப் பட்டினியில்
மூன்றாம் மாடி மீட்டரில்
நான்கும் ஒன்பதும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன.
தப்பாகப் படித்து
ஒரு டெய்லரை ஐந்நூறு யூனிட் தாண்டவைத்தேன்.
பில்லோடு அவர் ஆபீஸில் வந்து நின்ற அன்று
வடையும் டீயும் சாப்பிட்டேன்.

ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம்.
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
என் கையெழுத்தில் "தொடர இயலாது."

ஐப்பசி மழையில் ராஜமங்கலத்தில் ஒரு புகார்.
"எல்லாத்தையும் அணைச்சாலும் ஓடுதும்மா."
எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தேன்.
மீட்டரின் சின்னச் சிவப்பு விளக்கு
கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.
கசிவு.
சுவருக்குள் எங்கோ ஈரம் குடித்துக்கொண்டிருந்தது.

அன்று இரவு
சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தபின்
ஒன்பதரை மணிக்கு என்னையே கவனித்தேன்.

பெரியவன் பிய்த்துப்போட்ட தோசை ஓரம்.
மாதுளை முத்துகளை மட்டும் பொறுக்கிவிட்டு
சின்னவள் விட்டுப்போன தயிர்சாதம்.
குக்கர் அடியில் இரண்டு கரண்டி,
அதற்கென்று ஒரு டப்பாவா என்று.
வழித்தேன். விரலை நக்கினேன்.
நின்றபடி தின்றதற்குச் சாப்பாடு என்று பெயரில்லை,
ஆகவே நோட்டில் இல்லை.
பதினோரு வருடமாக
இந்த வீட்டில் வீணாகக்கூடாத எல்லாமும்
என் இடுப்பில் சேமிப்பாகியிருந்தது.

அரை ஆழாக்கு அரிசி குறைத்தேன்.
முதல் மாதம் அவ்வளவுதான்.
மிஞ்சினால் தண்ணீர் ஊற்றிவைத்து
காலையில் உட்கார்ந்து, தட்டில், வெங்காயத்தோடு.
அடுத்த மாதம் மதியத்துக்கு இரண்டு முட்டை.
போகிற வீடுகளில் தரும் டீக்கு
"சர்க்கரை வேண்டாம்" என்று சொல்ல நாக்கைப் பழக்கினேன்.
ஐந்தாம் தெரு நபீசா கேட்காமலே கலந்து நீட்டுவார்.
அது இனிப்பாகவே இருக்கட்டும்.
எழுதிக்கொள்கிறேன்.

கருவாடு தின்ற வாரம் ஏறும்.
தீட்டுக்கு முந்தைய வாரம் ஏறும்.
தினம் தினம் பார்த்து அழாதே, என்று சொல்லிக்கொண்டேன்,
ஊருக்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே ரீடிங்.

நேற்று எழுபத்தாறு கிலோ நானூறு.
இசக்கி கால்குலேட்டரைத் தட்டினான்.
"நூத்தி ஆறு ரூபா நஷ்டம்க்கா."

இன்று ஒன்பதரை.
சின்னவள் தட்டில் ஒற்றை உருளைக்கிழங்கு,
நன்றாக முறுகியது.
கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றேன்.
பிறகு முக்காலியை இழுத்துப்போட்டு
உட்கார்ந்து
தின்றேன்.