அது வேலைக்காகாது

தண்டையார்பேட்டையில் இரும்புக் கடைக்கு மேலே
நூருல்லாவின் பிரவுசிங் சென்டர்.
மணிக்குப் பதினைந்து ரூபாய்.
மூன்று பேர், ஆளுக்கு ஐந்து, நாற்காலி இரண்டு.
மவுஸ் தேசப்பனிடம்,
ஆங்கிலம் பிலோமினாவிடம்,
என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு.
ஸ்பீக்கர் கிடையாது. கேட்டால்,
"சத்தம் வந்தா கீழ பாய் திட்டுவாரு."

பர்மா பஜாரில் வாங்கிய சிடி.
உறையில் கார் பந்தயப் படம்.
உள்ளே ஒரு தீவு, பாசி பிடித்த துறைமுகம்,
சாவடி ஜன்னலுக்குப் பின்னால்
முத்திரையைத் தூக்கிப் பிடித்தபடி
ஒரு குமாஸ்தா.
கப்பல் வராமல் குத்த மாட்டான்.
அவன் குத்தாமல் நாங்கள் நகர முடியாது.
கப்பல் வருகிற ஆட்டம் இல்லை அது.

பையில் இருந்தவை (நோட்டில் எழுதியிருக்கிறேன்):
புனல், காலி பாட்டில், அரை மெழுகுவர்த்தி,
செத்த மீன், இடது கைக்கு மட்டும் ஒரு கையுறை.

மீனைக் கொடுத்தோம்.
புனலை அவன் தலையில் கவிழ்க்கப் பார்த்தோம்.
மெழுகுவர்த்தியால் மேசையை எரிக்கப் பார்த்தோம்.
திரையின் அடியில் அதே வரி வரும்,
பிலோமினா அதே குரலில் சொல்வாள்:
"அது வேலைக்காகாது."

மீனைக் கையுறைக்குள் திணித்து நீட்டியபோது மட்டும்
வேறொன்று சொன்னான்:
"அந்தக் கையை நான் குலுக்க மாட்டேன்."
நூருல்லா எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

பத்து நாள். நூற்றைம்பது ரூபாய்.
தேசப்பனின் ஐம்பது, காசிமேட்டில் ஐஸ் உடைத்த காசு.
"இன்னாடா இவன்,
நம்ம ஜோனல் ஆபீஸ்காரன் மாரியே கீறான்."

பதினோராவது நாள் கரண்ட் போனது.
படிக்கட்டில் உட்கார்ந்தோம்.
பிலோமினா பன்னீர் சோடாவைக் குடித்து முடித்து
எப்போதும் போல
பாட்டில் வாயில் உதட்டை வைத்து ஊதினாள்.
ஊஊ என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம்.
இரும்புக் கடையில் எடை போட்டவர்
ஹார்பர் பக்கம் தலையைத் திருப்பினார்.

தேசப்பன் எழுந்து நின்றுவிட்டான்.

முதல் காட்சி. படித்துறையில் ஒரு குடிகார மாலுமி.
காற்றடிக்கிறது. அவன் கையில் பாட்டில்.
அதன் வாய்க்கு மேலே
நெளிநெளியாக மூன்று கோடு வரைந்திருந்தான் படம் போட்டவன்.
நாங்கள் அதை நாற்றம் என்று நினைத்திருந்தோம்.

கரண்ட் வந்தது.
காலி பாட்டிலைக் கடல் பார்த்த ஜன்னலில் வைத்தோம்.
கோடுகள் நெளிந்தன.
குமாஸ்தா நிமிர்ந்தான்,
காதுக்குப் பின்னால் கையைக் குவித்தான்,
குத்தினான்.
எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் இன்னொரு ஆட்டம் வாங்கினோம்.
ஆட்டுக்குக் குடை பிடித்தால் சாவி கக்கும்.
ஏன் என்று கேட்கக் கூடாது.
அது புதிரில்லை, திமிர்.

இவன் அப்படிப்பட்டவன் இல்லை.
கேள்விக்கு முன்பே பதிலைக் கையில் கொடுத்துவிட்டு
தள்ளி நின்றவன்.
காது கேட்காதவர்களும் வருவார்கள் என்று மூன்று கோடு,
மீனைக் கையுறைக்குள் திணிக்கும் மூன்று பேர்
என்றாவது வருவார்கள் என்று ஒரு வரி.
கடைசியில் ஓடிய பெயர்களில் அவனுடையது எது என்று தெரியவில்லை.
தீவு என்ன ஆனது, அதுவும் மறந்துவிட்டது.

இன்று மண்டல அலுவலகத்தில் ஒன்பதாம் எண் ஜன்னல்.
அப்பா பெயரில் ஒரு கால் அதிகம், நீக்க வேண்டும்.
ஆதாரைக் கொடுத்தேன்.
பழைய கரண்ட் பில்லைக் கொடுத்தேன்.
ஆதாரையும் பில்லையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன்.
ஒவ்வொரு தடவையும் அதே வரி.
சுவரில் தேடுகிறேன், நாள்காட்டியில், மின்விசிறியில்.
எவனும் எதையும் வரைந்து வைக்கவில்லை.

ஜன்னல் என்னவோ கடலைப் பார்த்துத்தான் இருக்கிறது.
என் பையில் ஒரு பாட்டில்,
பாதி தண்ணீர்.
குடித்து முடிக்கிறேன்.