எழுத்துப் பிழை

மரணச் சான்றிதழில்
எமில்டா, எமிலா ஆகியிருந்தா.
தொழில்: இல்லை.

ஹெட்டியாவத்தை 176இல் ஏறி
ஊரார் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்துக்காக
முப்பது வருசம் வரிசையில் நின்றவ.
வத்தையில் எந்தப் பிள்ளை
எத்தனை மணிக்குப் பிறந்ததென்று சொல்லுவா.
என் பிறந்தநாளை மட்டும்
அம்மாவிடம் கேட்பா.

செத்தவீட்டில் பிரியந்தி
புது அடையாள அட்டையைப் பெட்டிக்குள் நீட்டி
"மிஸ், கிடைச்சிட்டுது" என்றாள்.

"ஒரு எழுத்துத்தானே,
இனி யார் பார்க்கப்போறாங்க?"
என்றார் கிளார்க்.

அம்மம்மா பார்த்திருப்பா.

புதன்கிழமை அவவின் குடையோடு போனேன்.
எனக்கு முன்னால் நாற்பத்தியொரு பேர்.
பின்னால் நின்றவர் படிவத்தை நீட்டுகிறார்:
"மகள், இதை நிரப்பித் தாறீங்களா?"

என்னிடம் பேனை இல்லை.
அவவின் கைப்பையிலென்றால்
மூன்று கிடக்கும்,
ஒன்று எழுதாது.